யாருடைய வசதிக்கு இந்தப் பந்தி?

கல்யாணம் பேசி முடித்ததும் எங்கள் வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு, “வர்றவங்க மனசு கோணாம நடத்தணும்” என்பதுதான். நல்ல பேச்சுதான். ஆனால் அந்த ‘வர்றவங்க’ யார்? அவர்கள் மனம் கோணாமலிருக்க யாருடைய முதுகு கோண வேண்டும்? இதை யாரும் கேட்பதில்லை.

நம்மிடம் விருந்தோம்பல் ஆணுக்குப் புகழ், பெண்ணுக்கு வேலை. விருந்தினரைப் பேணுவதைத் தொல்காப்பியத்தின் கற்பியல் மனைவியின் மாண்புகளில் ஒன்றாக வைத்தது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன் பிரிந்திருந்த நாட்களில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்திருந்ததாக அவனிடமே சொல்கிறாள். கணவன் வீட்டில் இல்லையென்றால் விருந்தோம்பும் தகுதியும் அவளுக்கு இல்லை. இன்றும் கல்யாண வீட்டில் கணவனை இழந்த அத்தை விடிய விடியக் காய் நறுக்கலாம். தாம்பூலத் தட்டைத் தொட்டால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

நான் கோரிமேட்டில் இருக்கிறேன். ஜிப்மரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் எங்கள் கல்யாணங்களுக்கு வரும் ஆண்களுக்குத் தாலிகட்டைவிட முந்தின ராத்திரிதான் முக்கியம். புதுச்சேரியில் சரக்கு மலிவு. கல்யாணச் செலவு எழுதும் நோட்டில் ‘மாப்பிள்ளை ஃபிரண்ட்ஸ், ரூம்’ என்று ஒரு வரி கூச்சமில்லாமல் ஏறிவிடுகிறது. பல வீடுகளில் அதற்கும் பணம் எண்ணி வைப்பவர் பெண்ணின் அப்பாதான்.

அதே நோட்டில் பெண்கள் கழிப்பறை என்று ஒரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் போன ஒரு மண்டபத்தில் பந்திக்கு ஒரே நேரத்தில் 300 பேர் உட்காரலாம். பெண்களுக்குக் கழிப்பறை மூன்று. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. எதிலும் நாப்கின் போடக் கூடை இல்லை, பையை மாட்ட ஒரு கொக்கி இல்லை. பட்டுப்புடவையோடு உள்ளே போய் வருவதற்குப் பயந்து பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. முட்டி வலிக்காரப் பாட்டிகள் வரவே யோசிக்கிறார்கள். முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு என்று குறித்துவிட்டால் பெண்களின் நாள் ராத்திரி இரண்டு மணிக்கே தொடங்கிவிடும். அதே மண்டபத்தில் மேடைப் பூ அலங்காரத்துக்கு மட்டும் பணம் தண்ணீராய் ஓடியது.

“எல்லாம் பொண்ணுக்காகத்தானே செலவு பண்றோம்” என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1989இல் தமிழ்நாடு, அதுவரை திருமணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த நாங்கள் 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை காத்திருந்தோம். சட்டம் வந்த பிறகும் பங்கு கேட்கும் மகளுக்கு வீட்டில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “உனக்குத்தான் கல்யாணம் பண்ணி வச்சோமே.” ஆயிரம் பேர் சாப்பிட்ட கணக்கு அவள் பெயரில் எழுதப்படுகிறது. நிலம் அண்ணன் பெயரில் நிற்கிறது.

இத்தனை கூட்டம் சட்டத்துக்கும் தேவையில்லை. 1967இல் தமிழ்நாடு சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. பிறகு புதுச்சேரியும் அதைப் பின்பற்றியது. அதற்குப் புரோகிதர் வேண்டாம்; மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். இத்திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020இல் கொரோனாவுக்காக 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். அந்தக் கல்யாணங்கள் எதுவும் செல்லாமல் போய்விடவில்லை. “ஊர் என்ன சொல்லும்” என்ற கேள்வியை ஊரே சில மாதம் மறந்திருந்தது.

விருந்தினர் வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எண்ணத் தொடங்கும் இடத்தை மாற்றுங்கள் என்கிறேன். மண்டபம் பார்க்கப் போனால் மேடையைப் பார்க்கும் முன் பெண்கள் கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். பால் கொடுக்கக் கதவு உள்ள ஓர் அறை கேளுங்கள். முகூர்த்தத்தை ஒன்பது மணிக்கு வையுங்கள். கணவனை இழந்தவளின் கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்து முன்னால் நிறுத்துங்கள். இலை எடுக்கும் பெண்ணையும் பாத்திரம் தேய்க்கும் பெண்ணையும் சாயங்காலம்வரை காக்க வைக்காமல் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுங்கள். சரக்குக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மிச்சச் செலவை இரண்டு வீடும் பாதி பாதி போடட்டும். முடியவில்லையென்றால் பத்திரிகையைக் குறைத்து அடியுங்கள்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாய் வருபவரே விருந்தினர். ஒரு கல்யாணத்தில் எல்லாரையும்விடப் புதிதாய் ஒரு வீட்டுக்குள் போகப்போகிறவள் மணப்பெண். ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில் ஒரு வாய் சாப்பிடாமல், கூரைப்புடவையோடு கழிப்பறைக்கும் போக முடியாமல் அவள் மேடையில் நின்றுகொண்டிருக்கிறாள். வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டார்களா என்று அவளைத்தான் கேட்கச் சொல்கிறார்கள்.