கல்மரத்துக்கு வேலி உண்டு, இருட்டுக்கு?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துத் திருவக்கரையில் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுப் பழமையுள்ள கல்மரங்கள் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைத் தேசியச் சின்னமாக அறிவித்துக் காத்துவருகிறது, நல்ல காரியம். அதே மாவட்டத்தின் வானத்திலிருந்து 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த விண்மீன்களின் ஒளி இறங்குகிறது. அந்த ஒளி வந்துசேர இருட்டு வேண்டும். இருட்டைக் காக்க இங்கே எந்த அறிவிப்பும் இல்லை. காக்க வேண்டிய மரபுச் செல்வங்களில் ஒன்றாக இரவு வானத்தையும் தமிழக அரசு சேர்க்க வேண்டும் என்கிறேன்.

இவ்வளவு மூத்த விண்மீன்களை எப்படி இனங்காண்கிறார்கள்? பெருவெடிப்பை அடுத்துப் பேரண்டத்தில் இருந்தவை ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம் ஆகியவையே. நம் ரத்தத்து இரும்பும் எலும்பின் கால்சியமும் பிற்பாடு விண்மீன்களில் உருவாகிச் சிதறியவை. ஆகவே ஒரு விண்மீனில் இரும்பு குறையக் குறைய, அது அவ்வளவு முற்பட்ட தலைமுறையாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அந்தத் தலைமுறையில் சூரியனைவிடச் சிறியவை எரிபொருளை மெல்லச் செலவிடுவதால் இன்றும் ஒளிர்கின்றன. பால்வீதியில் பொருள் முதலில் அடர்ந்து திரண்டது மையப் பகுதியில்தான். அதனால் மிக மூத்தவை அங்கேதான் செறிந்திருக்கும் என்று கணினி மாதிரிகள் சொல்கின்றன. ஆனால் அங்கே தூசு அடர்த்தி. பின்னால் பிறந்த, இரும்பு மிகுந்த விண்மீன்களின் நெரிசல் வேறு. நெற்குவியலில் ஒரு பதரைத் தேடுவதுபோன்ற வேலை. இதற்காகக் கால்சியம் உறிஞ்சும் ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்திப் படமெடுக்கிறார்கள்: கால்சியம் குறைந்த விண்மீன் அந்த நிறத்தில் கூடுதலாக ஒளிரும். ஆஸ்திரேலியாவின் ஸ்கைமேப்பர் தொலைநோக்கி இப்படிச் சலித்துத் தந்தவற்றிலிருந்து 23 விண்மீன்களை லூயிஸ் ஹவ்ஸ் குழுவினர் 2015-இல் அறிவித்தனர். அவற்றில் ஒன்றில் இரும்பின் அளவு சூரியனில் உள்ளதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 2024-இல் இந்தியரான க்யாதி மல்ஹானும் ஹான்ஸ்-வால்டர் ரிக்ஸும் பால்வீதியின் உட்பகுதியில் இரு தொன்மையான விண்மீன் திரள்களை இனங்கண்டு, சக்தி, சிவா என்று பெயரிட்டனர்.

இந்தத் தேடலில் நமக்கு நம் அமைவிடம் தந்த சலுகை ஒன்று உண்டு. பால்வீதியின் மையம் தனுசு ராசித் திசையில், தென்வானில் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது அடிவானத்தை ஒட்டியே தவழும். லடாக்கின் ஹான்லே ஆய்வகத்திலும் சுமார் 28 பாகைக்கு மேல் ஏறாது. விழுப்புரத்தில், திண்டிவனத்தில், ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்தில் அது சுமார் 49 பாகை உயரம் ஏறுகிறது. ஆனியில் அது நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும்போது மேகம் மறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சித்திரையில் விடியலுக்கு முந்தைய மணிகளில் அது உயர்ந்தே நிற்கும்.

சிலியிலும் விண்வெளியிலும் மாபெரும் தொலைநோக்கிகள் இருக்கையில் நம் ஊர் வானம் எதற்கு என்று கேட்பார்கள். முன்னணி ஆராய்ச்சி அங்கேதான் நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? துலாம் ராசியில் ஏறத்தாழ 200 ஒளியாண்டு தொலைவில் எச்.டி. 140283 என்ற விண்மீன் உள்ளது. இரும்பு சூரியனில் உள்ளதில் 250-இல் ஒரு பங்கு அளவே கொண்ட, அறியப்பட்டவற்றில் மிக மூத்த விண்மீன்களுள் ஒன்று அது. இருண்ட வானில் சாதாரண பைனாகுலருக்கே அது எட்டும். செஞ்சிப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி அதைத் தன் ஊரிலிருந்தே பார்க்க முடிய வேண்டும் என்பது அதிகப்படியான ஆசை அல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு பாதுகாப்பு பற்றியது. திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையில் விபத்தைத் தடுக்கவும், பெண்கள் அச்சமின்றி நடக்கவும் வெளிச்சம் வேண்டும். நிச்சயம் வேண்டும், ஒரு விளக்கையும் அணைக்கச் சொல்லவில்லை. சாலைக்குத் தேவையான ஒளி கீழ்நோக்கிய ஒளி. மேலேயும் பக்கவாட்டிலும் சிதறுவது ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கிறது, மின்கட்டணமாகவும் வீணாகிறது. நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் கூடுதலாகச் சிதறி வானத்தை வெளுக்கவைக்கிறது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியானாலும் ஊராட்சித் தெருவானாலும், மூடியிட்டுக் கீழே திருப்பிய மஞ்சள் சாயலுள்ள எல்.இ.டி. விளக்கு போதும். ஹான்லேயைச் சுற்றிய பகுதியை 2022-இல் இருள்வானக் காப்பகமாக லடாக் நிர்வாகம் அறிவித்தது. தமிழகத்தில் காவலூரைச் சுற்றியும் அப்படி ஒரு காப்பகம் அமைக்கலாம். விழுப்புரம் போன்ற மாவட்டங்களுக்குக் காப்பகம்கூடத் தேவையில்லை. தெருவிளக்கு டெண்டரில் மூடி, நிறம் பற்றிய இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.