பொத்தானும் வேண்டும், பொத்தானுக்குப் பின்னாடியும் தெரிய வேண்டும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவைச் செயலாளர், "கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்காரங்க வழக்கம்போல 'கணிப்பொறியும் மனித வாழ்வும்'னு எழுதிக் கொடுத்துடாதீங்கப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆகவே நம் லேபில் தினசரி நடக்கிற ஒரு சங்கதியை எடுத்துக்கொள்கிறேன். மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் இதில் செய்தி உண்டு.

முதலில் எங்கள் தோட்டத்துக் கதை. சின்னமனூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வாழை இருக்கிறது. கிணற்று மோட்டாருக்குப் போன வருஷம் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டினோம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்தாலும் டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பூச்சி பொட்டு பயம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். நல்ல விஷயம்தானே?

ஒருநாள் போனில் 'மோட்டார் ஆன்' என்று வந்தது. ஆனால் வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் போனையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். மோட்டார் சத்தத்தைக் கேட்டதுமே, "சும்மா சுத்துதுடா, தண்ணி ஏறலை" என்றார். ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருந்தது. போன் பொய் சொல்லவில்லை. மோட்டார் ஓடத்தான் செய்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்!

இதே கதை நம் லேபில் நடக்கிறது என்பதுதான் என் கட்டுரை.

புரோகிராமில் இருக்கும் தப்பைக் கண்டுபிடிக்க உதவும் கருவிக்கு டிபக்கர் என்று பெயர். ஓடுகிற புரோகிராமை நாம் சொன்ன இடத்தில் நிறுத்தும். ஒவ்வொரு வரியாக நடத்திக் காட்டும். அந்த நேரத்தில் எந்த வேரியபிளில் என்ன மதிப்பு இருக்கிறது என்று கேட்டால் சொல்லும். சி மொழிக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது ஜிடிபி. க்னூ திட்டத்துக்காக ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1986-ல் எழுதியது. அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் 'பிரேக்', 'ரன்', 'நெக்ஸ்ட்', 'பிரிண்ட்' என்று கட்டளை அடிக்க வேண்டும், பதில் வரும்.

நம் அண்ணன்மார், அக்காமார் படித்த காலத்தில் டர்போ சி இருந்தது. நீலத் திரையிலேயே எழுதலாம், அதிலேயே எஃப்7, எஃப்8 அமுக்கி வரிவரியாக ஓட்டிப் பார்க்கலாம். எழுதும் இடமும் சோதிக்கும் இடமும் ஒன்று. அதைவிட்டு ஜிசிசிக்கு மாறியபோது கம்பைலரைக் கொண்டுவந்தோம், டிபக்கரை வழியில் விட்டுவிட்டு வந்துவிட்டோம்! இப்போது நம்மில் பலர் என்ன செய்கிறோம்? 'இங்கே வந்தேன் 1', 'இங்கே வந்தேன் 2' என்று ஊர் முழுக்க பிரிண்ட்எஃப் போட்டுத் தப்பைத் தேடுகிறோம். கிணறு எங்கே என்று தெரியாமல் வாய்க்கால் நெடுக நடக்கிற மாதிரி.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மினி புராஜெக்டுக்கு வாழைக்காய் மண்டிக் கணக்கு எழுதினேன். லிங்க்டு லிஸ்ட். சேர்த்தால் சேர்ந்தது. அழித்தால் சில நேரம் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று படுத்துவிட்டது. மறுநாள் வைவா! ஐடிஇயில் டிபக் பொத்தானை அமுக்கினேன். 'டிபக்கரைத் தொடங்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி வந்தது. மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன், ரெண்டு தடவை. போனில் அன்றைய நெட் தீர்ந்ததுதான் மிச்சம்.

கடைசி வருஷ அக்கா ஒருவர் வந்து பார்த்தார். "டெர்மினலைத் திற தம்பி. ஜிடிபின்னு அடி" என்றார். அடித்தேன். அது பாட்டுக்கு வந்து நின்றது! டிபக்கர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. எங்கிருந்தோ காப்பி அடித்த செட்டிங்ஸ் ஃபைலில் வேறு யாருடைய கம்ப்யூட்டர் பாதையோ இருந்தது. ஐடிஇ அந்த இடத்தில் போய்த் தேடியிருக்கிறது. பாதையைத் திருத்தினேன். அப்போதும் வரி எண் காட்டவில்லை. "கம்பைல் பண்ணும்போது மைனஸ் ஜி போட்டியா?" என்றார். போடவில்லை. மைனஸ் ஜி போட்டால்தான் எந்த மெஷின் கோடு எந்த வரியிலிருந்து வந்தது என்ற குறிப்பு ஃபைலுக்குள் போகும்.

பிறகு 'ரன்' அடித்தேன், விழுந்தது. 'பேக்ட்ரேஸ்' அடித்தேன், எந்த ஃபங்ஷனில், எந்த வரியில் விழுந்தது என்று வந்தது. முந்தைய ரெக்கார்டைக் காட்டும் பாயிண்டரை 'பிரிண்ட்' செய்தேன். பூஜ்யம்! முதல் ரெக்கார்டை அழிக்கும்போது அதற்கு முந்தின ரெக்கார்டு ஏது? அதை நான் யோசிக்கவே இல்லை. ரெண்டு நாள் தேடிய தப்பு பத்து நிமிஷத்தில் அகப்பட்டது.

இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தியா, கறுப்புத் திரைதான் நிஜம், பொத்தானெல்லாம் சோம்பேறிக்கு" என்று சில சீனியர்கள் சொல்வார்கள். அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் தம்பிக்கும் தங்கைக்கும் வெறும் கறுப்புத் திரை எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். மஞ்சள் அம்பு வரிவரியாக இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்போது லூப் என்றால் என்னவென்று மனசில் பதிகிறது. பத்து வேரியபிளின் மதிப்பு ஒரே நேரத்தில் மாறுவதைக் கட்டளை அடித்துப் பார்த்து மாளாது. பொத்தான் வேண்டும், கட்டாயம் வேண்டும்.

என் கேள்வி எல்லாம், எப்படிப்பட்ட பொத்தான் என்பதுதான்.

பொத்தானை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது? ஐடிஇக்குச் சொந்தமாக ஒரு டிபக்கர் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கிடையாது. அது ஜிடிபியைப் பின்னணியில் ஓடவிட்டு, அதன் வாயையும் காதையும் ஒரு பைப் வழியாகத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. நாம் வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் அது 'பிரேக்' கட்டளையாகப் போகிறது. மனிதருக்காக எழுதிய பதிலை இன்னொரு புரோகிராம் படித்துப் புரிந்துகொள்வது சிரமம். பதிப்பு மாறினால் வாக்கியமும் மாறிவிடும். அதற்காகவே ஜிடிபியில் எம்ஐ என்ற மெஷின் இன்டர்ஃபேஸ் வைத்தார்கள். 'நின்றது, காரணம் இது, ஃபைல் இது, வரி இது' என்று விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்தது போலப் பதில் வரும். ஐடிஇ அதைப் படித்து அம்பை நகர்த்துகிறது. அவ்வளவுதான் மாயம்!

இதில் இன்னொரு சிக்கல். நம் புரோகிராம் ஸ்கேன்எஃப்-க்காகக் காத்திருக்கும்போது நாம் அடிக்கும் எண் யாருக்குப் போக வேண்டும், டிபக்கருக்கா, புரோகிராமுக்கா? அதனால்தான் புரோகிராமுக்கென்று தனி டெர்மினல் திறக்கிறார்கள். இது தெரியாதவர், "ஐடிஇ ஹேங் ஆயிடுச்சு சார்" என்று கையைத் தூக்குகிறார்.

இந்த இணைப்பு வேலை புதிது இல்லை. 1990-களில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டோரோதியா லுட்கேஹவுஸ், ஆந்த்ரேயாஸ் ஜெல்லர் இருவரும் டிடிடி என்ற முகப்பை உருவாக்கினார்கள். லிங்க்டு லிஸ்டைக் கட்டம் கட்டமாக, அம்புக்குறியோடு படமாகவே வரைந்து காட்டும். எனக்கு அதில் பிடித்தது வேறு. ஜன்னலின் அடியில் ஜிடிபி திரை அப்படியே திறந்திருக்கும். மேலே பொத்தானை அமுக்கினால் கீழே அந்தக் கட்டளை வந்து விழும். பார்த்துப் பார்த்தே படித்துவிடலாம்!

பிறகு எடிட்டர்களும் பெருகின, டிபக்கர்களும் பெருகின. பத்து எடிட்டர், பத்து டிபக்கர் என்றால் நூறு இணைப்பு எழுத வேண்டும். நடுவில் ஒரு பொது மொழி இருந்தால் ஆளுக்கொன்றாக இருபது போதும். மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோடுக்காக டிஏபி என்ற பொது மொழியைக் கொண்டுவந்தது இதற்குத்தான். 2023 டிசம்பரில் வெளிவந்த ஜிடிபி 14-ஆம் பதிப்பு அந்த மொழியைத் தானே பேசுகிறது.

இணைப்பு இப்படிச் சுலபமாகச் சுலபமாக, உள்ளே இருப்பது கண்ணுக்கு மறைகிறது. மறைந்தால் என்ன நஷ்டம்? நம் தமிழ்நாட்டு உதாரணமே சொல்கிறேன். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் சக்தி பிராசஸரை வடிவமைத்தார்கள். 2018-ல் சண்டிகருக்குப் பக்கத்தில் இருக்கும் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் அதன் சிப் ஒன்று தயாரானது. சக்தி போர்டில் ஒரு புரோகிராமைக் கையால் டிபக் செய்ய மூன்று டெர்மினல் வேண்டும். ஒன்றில் ஓபன்ஓசிடி, கம்ப்யூட்டருக்கும் போர்டுக்கும் நடுவே தூது போவது. ஒன்றில் ஜிடிபி, 3333 என்ற போர்ட் வழியாக அந்தத் தூதனோடு பேசுவது. மூன்றாவது, போர்டு அனுப்பும் எழுத்துகளைப் பார்க்க. பிளாட்ஃபார்ம்ஐஓ போன்ற கருவிகள் இவற்றை விஎஸ் கோடுக்குள் ஒரே பொத்தானில் அடக்கிவிடுகின்றன. சந்தோஷம். ஆனால் கேபிள் லூசாக இருந்தாலும், போர்ட் 3333-ஐ வேறொன்று பிடித்து வைத்திருந்தாலும், பொத்தானுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: 'தொடங்கவில்லை'. எது கோளாறு என்று சொல்வது உள்ளே ஓடும் அந்தத் திரை. நாளைக்கு எம்படெட் கம்பெனி இன்டர்வியூவில் நம்மைக் கேட்கப்போவதும் அதைத்தான்.

ஆகவே என் தாழ்மையான கருத்துகள் இவை.

ஒன்று, சி லேபின் முதல் மூன்று வகுப்பு ஜிடிபியைக் கையால் ஓட்ட வேண்டும். பத்தே பத்து கட்டளை போதும். அதன் பிறகு ஐடிஇக்குப் போகலாம்.

இரண்டு, ஐடிஇயில் டிபக்கர் பேசும் ஜன்னலை மூடக் கூடாது. கோட்பிளாக்ஸில் டிபக்கர் லாக்கும், கட்டளை அடிக்க ஒரு கட்டமும் அடியிலேயே இருக்கின்றன. விஎஸ் கோடின் டிபக் கன்சோலில் மைனஸ் எக்ஸெக் என்று முன்னால் சேர்த்து எந்த ஜிடிபி கட்டளையையும் அனுப்பலாம். இன்றைக்கே செஞ்சு பாருங்க!

மூன்று, பிராக்டிகல் தேர்வில் அவுட்புட்டுக்கு மட்டும் மார்க் போடுவது போதாது. தப்புள்ள புரோகிராம் ஒன்றைக் கொடுத்து, 'எங்கே விழுகிறது, எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று கேட்டு மார்க் போட வேண்டும். மனப்பாடம் செய்தவனுக்கும் புரிந்தவனுக்கும் வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

நான்கு, இது நமக்கு நாமே செய்ய வேண்டியது. எம்ஐ எல்லோருக்கும் திறந்த கதவு. பைத்தானில் ஜிடிபியை ஓடவிட்டு, 'நிறுத்து', 'அடுத்த வரி', 'உள்ளே போ', 'காட்டு' என்று தமிழில் பொத்தான் வைத்து, அடியில் கட்டளையையும் காட்டும் ஒரு சின்ன முகப்பை இறுதி ஆண்டு புராஜெக்டாக ஏன் செய்யக் கூடாது? கடையில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டைவிட அது நம் ஜூனியர்களுக்கு ஆயிரம் மடங்கு உதவும். இந்த மலரைப் படிக்கும் யாராவது என்னோடு சேரத் தயார் என்றால், லேபில் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், வாருங்கள்.

எங்கள் அப்பா செல்போன் ஸ்டார்ட்டரைக் கழற்றவில்லை. இன்றைக்கும் திண்ணையிலிருந்துதான் மோட்டார் போடுகிறார். ஆனால் கிணற்றுக்குப் போகும் வழி அவருக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணிப்பொறித் துறை