சோற்றுக்கு மாற்று களி அல்ல

நீரிழிவு கண்ட விவசாயிகள் பலர் அரிசிச் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறுகின்றனர். மாவுச்சத்தைக் குறைப்பதே நோக்கமானால் இது மட்டும் போதாது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகிலும் கம்பிலும் 60 கிராமுக்கு மேல். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மையே. ஆனால் களி உருண்டை சிறுக்காவிட்டால் பலன் சொற்பமே.

உண்மையான மாற்று கொல்லையிலும் தோட்டத்திலும் உள்ளது. 100 கிராம் புடலை, பீர்க்கு, கத்தரியில் மாவுச்சத்து 5 கிராமுக்கும் குறைவு. முட்டையில் அநேகமாக இல்லை. நிலக்கடலையில் அரிசியில் உள்ளதைவிட மிகக் குறைவு. புரதமோ சுமார் 25 கிராம். மரவள்ளியும் உருளையும் இந்தக் கணக்கில் சேரா.

இவற்றை முழுவதும் சந்தைக்கு ஏற்றிவிட்டு, வீட்டில் சோறும் ரசமுமாக உண்பது லாபம் ஆகாது. வந்த காசை மருத்துவச் செலவு விழுங்கிவிடும். விற்குமுன் வீட்டுக்கென ஒரு பங்கை ஒதுக்குவதே நன்று. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு முட்டை, மீன் அல்லது வேகவைத்த கடலை, மீதிக் கால் பங்கே சோறோ களியோ இருக்கட்டும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் மருத்துவரைக் கேட்ட பின்னரே சோற்றைக் குறைக்க வேண்டும். இல்லையேல் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம்.