சாலை அகலமானால் போதுமா?

லாத்தார் நெடுஞ்சாலை 2011-இல் திறக்கப்பட்டது. ஈஜோக்கிலிருந்து 33 கிலோமீட்டர். கார் வைத்திருப்பவருக்கு நேரம் மிச்சம். தோட்டத் தொழிலாளிக்கு?

இந்நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் நம் குடும்பங்களுக்கு அதுதானே வாகனம்! கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டார்கள். லோரிகள் பறக்கும் நம் சாலைகளில் ஏன் போடக்கூடாது? உங்கள் தோட்டத்து முச்சந்தியில் விளக்கு உண்டா? தமிழ்ப்பள்ளி முன் நடைபாலம் உண்டா? எண்ணிப் பாருங்கள்.

அகலமான சாலையில் வேகம்தான் கூடும். பிள்ளை பத்திரமாக வீடு திரும்பினால்தான் அது மேம்பாடு.

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவு மக்கள் பார்வைக்கு வரும்போது ஆட்சேபம் எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. தோட்டத்தார் ஒன்றுகூடி எழுதுங்கள். தேர்தல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்!