தமிழுக்கு மெய்ப்புப் பார்க்க ஒரு மேசை

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தமிழ் இணையக் கல்விக்கழகம்,
கோட்டூர்புரம், சென்னை.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

இதழ் நடத்துகிறவர்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதன் அருமை தெரியும். பாரம் மெஷினில் ஏறுவதற்கு முன் கண்ணில் படும் பிழையை ஒரு பென்சில் கோட்டில் சரிசெய்துவிடலாம். ஏறிய பிறகு பட்டால், அடுத்த இதழின் மூலையில் 'பிழை திருத்தம்' என்று நான்கு வரி போடுவதுதான் மிச்சம். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எப்படித் தெரிய வேண்டும், எப்படி உள்ளிடப்பட வேண்டும், எப்படி அகரவரிசையில் அடுக்கப்பட வேண்டும் என்பதற்கும் அப்படி ஒரு மெய்ப்புக் காலம் ஆண்டுதோறும் வந்து போகிறது. அந்தக் காலத்தில் தமிழுக்காக உட்கார்ந்து பார்க்க ஒரு மேசையை உங்கள் நிறுவனம் போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எந்த இயங்குதளமும் ஒரே நாளில் முழுமையாகப் பிறந்து வருவதில்லை. முடிவான வெளியீட்டுக்கு முன் மாதக்கணக்கில் முன்னோட்டப் பதிப்புகளாக வெளியே உலவுகிறது. மைக்ரோசாப்ட் 2014 செப்டம்பர் இறுதியில் விண்டோஸ் 10-ஐ அறிவித்தபோதே 'இன்சைடர்' திட்டத்தையும் அறிவித்தது. 2015 ஜூலை 29 அன்று அது வெளியாகும்வரை, ஏறத்தாழ பத்து மாதம், விரும்பிய எவரும் அதை நிறுவிப் பார்த்துக் குறை சொல்ல முடிந்தது. ஆப்பிள் ஜூன் மாத மாநாட்டில் அடுத்த ஐபோன், மேக் பதிப்புகளின் பீட்டாவைத் தருகிறது. பெரும்பாலும் செப்டம்பரில்தான் ஐபோனுக்கான முடிவான பதிப்பு வருகிறது. உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியாகும். சில வாரங்களுக்கு முன் பீட்டா, அதற்கும் முன் தினமும் ஒரு சோதனைப் பதிப்பு. 2000-ஆம் ஆண்டில் மேக் ஓஎஸ் எக்ஸின் பொதுப் பீட்டாவை 29.95 டாலர் கொடுத்து வாங்கிச் சோதித்தார்கள். இன்று இவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

இந்த மாதங்களில் நிரல் இன்னும் பொறியாளரின் கையில் திறந்த நிலையில் இருக்கிறது. வெளியீடு நெருங்க நெருங்கக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடும். முதலில் புதிய வசதிகளைச் சேர்ப்பது நிற்கும். பிறகு திரையில் வரும் சொற்களை மாற்றுவது நிற்கும். கடைசியில், கணினியை முடக்கக்கூடிய கோளாறுகளை மட்டுமே தொடுவார்கள். ஒற்றைக்கொம்பு ஓரிழை தள்ளி நிற்கிறது என்ற புகாருக்கு அப்போது எந்தத் தராசிலும் எடை இருக்காது.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அலுவலகத்தில் ஒரு பழைய மடிக்கணினியை இதற்கென்றே ஒதுக்கினோம். அதில் நிறுவிய ஒரு முன்னோட்டப் பதிப்பில் 'கொடி' என்று தட்டிவிட்டுப் பின்னோக்கி அழித்தோம். 'டி' போன பிறகு அடுத்த தட்டில் ஒகரமும் முழுமையாகப் போய்க் 'க' மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும். துணைக்கால் மட்டும் உதிர்ந்து 'கெ' நின்றது. உடனே 'அழிக்கும்போது தமிழ் எழுத்து உடைகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து, 'எங்களால் அப்படி நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை' என்று ஒரு வரி வந்தது, புகார் மூடப்பட்டிருந்தது.

கோபம் வந்தது உண்மை. ஆனால் ஆறிய பிறகு யோசித்தால், தமிழே தெரியாத அந்தப் பொறியாளர் எதை வைத்து நிகழ்த்திப் பார்ப்பார்? அடுத்த முறை பதிப்பின் எண், விசைப்பலகையின் பெயர், எழுத்துரு, எந்தச் செயலி, எந்த விசையை எந்த வரிசையில் அழுத்தினோம் என்பதையெல்லாம் எழுதினோம். திரையில் வந்தது ஒரு படமாகவும் வந்திருக்க வேண்டியது இன்னொரு படமாகவும் இணைத்தோம். முக்கியமாக, உள்ளே சேமிக்கப்பட்டிருந்த குறியெண்களைப் பார்த்து எழுதினோம். 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. அந்தப் பதிப்பின் விசைப்பலகை இரண்டாவது வழியில் எழுதிக்கொண்டிருந்தது. நோய் அங்கேதான் இருந்தது. அடுத்து வந்த பதிப்பில் அது சரியாகியிருந்தது.

அந்த இரண்டாவது புகாரை எழுத ஒரு முழு மாலை பிடித்தது. திண்டுக்கல்லில் பாடம் நடத்தும் ஆசிரியரோ, தஞ்சாவூரில் டிடிபி கடை வைத்திருப்பவரோ அந்த மாலையை எங்கிருந்து எடுப்பார்கள்? கண்ணில் பட்ட கோளாறை அவர்கள் தமிழில் நான்கு வரி எழுதி அனுப்பினால், அதை மேற்சொன்ன முறையில் ஆராய்ந்து, உரிய நிறுவனத்துக்கு உரிய படிவத்தில் அனுப்ப ஓர் இடம் வேண்டும். நாங்கள் கேட்கும் மேசையின் முதல் வேலை இதுதான்.

புகார் நன்றாக எழுதப்பட்டாலும் கேட்கப்படும் என்று உறுதியில்லை என்பதற்கு 2018 அக்டோபர் ஒரு பெரிய பாடம். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு அந்த மாதம் 2-ஆம் தேதி வெளியானது. ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்த சிலருடைய கணினிகளில், பழைய இடத்தில் கிடந்த கோப்புகளை அது அழித்துவிட்டது. நான்கே நாளில் வினியோகத்தை நிறுத்தினார்கள். நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் தந்தார்கள். வருத்தம் என்னவென்றால், சோதித்தவர்களில் சிலர் இதை முன்கூட்டியே புகாராக எழுதியிருந்தார்கள். அந்தப் புகார்களுக்கு ஆதரவு வாக்குகள் குறைவு என்பதால் அவை அடியில் கிடந்தன. 'எவ்வளவு கடுமையான கோளாறு' என்று குறிக்கும் வசதியைப் புகார்ச் செயலியில் அதன் பிறகே சேர்த்தார்கள்.

கோப்பே அழிந்துபோன புகாருக்கே வாக்குப் போதவில்லை என்றால், பழத்துக்கும் பள்ளத்துக்கும் வரிசை மாறுகிறது என்ற நம் புகார் எங்கே மேலே வரும்? உலகெங்கும் முன்னோட்டம் பார்ப்பவர்களில் தமிழில் தட்டச்சு செய்து சோதிப்பவர்கள் ஒரு கைப்பிடிதான். எண்ணிக்கையில் நம்மால் வெல்ல முடியாது. ஓர் அரசு நிறுவனத்தின் பெயரில், ஆண்டு தவறாமல், ஆதாரத்தோடு வரும் அறிக்கைக்கு மட்டுமே அந்த வாக்குக் கணக்கைத் தாண்டிச் செல்லும் வாய்ப்பு உண்டு.

வரிசை என்றதும் ஒன்றை விளக்க வேண்டும். எழுத்து உடைவது யார் கண்ணுக்கும் படும். அகரவரிசை உடைவது படாது. யூனிகோடு அட்டவணையில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ள-வுக்கு அடுத்து ழ என்று எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. நம் நெடுங்கணக்கிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. குறியெண்ணை அப்படியே நம்பி அடுக்கும் மென்பொருளில் 'மரம்' வருவதற்கு முன்பே 'மனம்' வந்துவிடும். 'பள்ளம்' வந்த பிறகே 'பழம்' வரும். சரியான தமிழ் வரிசை பொதுத் தரவாக ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் அதை ஒவ்வொரு செயலியும், ஒவ்வொரு புதிய பதிப்பும் எடுத்துப் பயன்படுத்துகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலும் நூலக அட்டவணையும் தேர்வு முடிவும் கணினியில் அடுக்கப்படும் காலம் இது. பெயர் தவறான இடத்தில் நின்றால், தேடுகிறவருக்குப் பெயரே இல்லை.

'ஸ்ரீ' இன்னொரு சிக்கல். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். தேடினால் ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளாது. ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரின் முகவரியைத் தேடிப் பார்த்தவருக்கு இது புரியும். பழைய நில ஆவணங்களில் வரும் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 51 எழுத்துக்குறிகளாக 2019-இல் யூனிகோடு 12-இல் இடம்பெற்றன. அவற்றுக்கு வடிவம் தரும் எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் வெறும் கட்டம்தான் தெரியும். இடம் வாங்கிவிட்டோம், ஒவ்வொரு இயங்குதளத்திலும் குடியேறிவிட்டோமா என்று பார்ப்பது யார் பொறுப்பு?

இதெல்லாம் அழகு பற்றிய கவலை என்று யாரேனும் நினைத்தால், 2018 பிப்ரவரியை நினைவூட்டுகிறோம். 'ஜ்ஞா' என்று ஒலிக்கும் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து, செய்தியாக வந்ததும் ஐபோனின் செயலிகளை முடக்கியது. தெலுங்கில் ஞானம் என்ற சொல்லின் முதல் எழுத்து அது. அறிவிப்பாக வந்தபோது முகப்புத் திரையே சுருண்டது. ஐஓஎஸ் 11.2.5-இல் இருந்த இந்தக் கோளாறு, அப்போது சோதனையில் இருந்த 11.3 பீட்டாவில் ஏற்கெனவே சரியாகியிருந்தது. ஆனால் மக்கள் கையில் இருந்தது பழையது. உலகமே கூச்சலிட்ட பிறகு பிப்ரவரி 19 அன்று 11.2.6 அவசரமாக வந்தது. அண்டை வீட்டு எழுத்துக்கு நேர்ந்தது நாளை நம் எழுத்துக்கும் நேரலாம்.

உங்களை ஏன் கேட்கிறோம் என்றால், இந்தப் பணிக்கான வேர் உங்களிடம் இருக்கிறது. 1999-இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை முடிவானது. 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக உங்கள் நிறுவனம் தொடங்கியது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. உங்கள் தமிழ் மின்நூலகத்தில் தேடும் ஒவ்வொருவரும், தங்கள் கணினி தமிழைச் சரியாகக் கையாளும் என்ற நம்பிக்கையில்தான் தேடுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அலுவலகமும் பள்ளியும் புதிய பதிப்புக்கு மாறும்போது, அந்தப் பதிப்பில் தமிழ் நலமா என்று முன்பே சொல்ல ஒருவர் வேண்டாமா?

பெரிய கட்டடம் தேவையில்லை. ஐந்தாறு கணினிகள், மூன்று நான்கு கைப்பேசிகள், தமிழ் இலக்கணமும் யூனிகோடும் அறிந்த இரண்டு பேர், பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்கள். வெளியீட்டுக் காலண்டர் ஒன்று சுவரில் தொங்கட்டும். ஃபெடோரா லினக்ஸில் ஒவ்வொரு பதிப்புக்கும் முன் மொழி வசதிகளைச் சோதிக்கவே தனி நாட்கள் ஒதுக்குகிறார்கள். அந்த முறையைப் பார்த்து நாமும் தொடங்கலாம். அனுப்பிய புகாரும் அதற்கு வந்த பதிலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். 'சரிசெய்தோம்' என்று நிறுவனம் சொன்ன பிறகு, அடுத்த பதிப்பை நிறுவி உண்மையிலேயே சரியாகிவிட்டதா என்று பார்த்த பின்பே புகாரை மூட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

மாணவர்களுக்கு ஒரு கட்டளையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: ஒரே ஒரு பிரதியாக எதையாவது வைத்திருக்கும் கணினியில் முன்னோட்டப் பதிப்பை நிறுவக் கூடாது. ஆய்வேடு எழுதும் மடிக்கணினியில் ஆர்வத்தால் பீட்டா போட்டுவிட்டு அழுத பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம். சோதனைக்கு எனத் தனிக் கருவி, அதில் இழந்தால் வருந்தாத கோப்புகள், பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி: இம்மூன்றும் இருந்தால்தான் தொடலாம்.

எங்களிடம் ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. கொம்பும் காலும் பிரியும் சொற்கள், க்ஷ வரும் சொற்கள், இருவகை ஸ்ரீ, வரிசை பார்க்க எண்பது சொற்கள், தமிழ் எண்கள் என்று சில ஆண்டுகளாகச் சேர்த்தது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம், திருத்தலாம், உங்கள் பெயரில் வெளியிடலாம். அந்தப் பழைய மடிக்கணினியும் இன்னும் ஓடுகிறது. மேசை போடும் நாளைச் சொல்லுங்கள், இரண்டையும் கோட்டூர்புரத்துக்கு நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர் குழு