புல்லுக்கும் ஒரு வயல்

புல் என்னுஞ் சொல்லை நம்மனோர் பெரிதும் இகழ்ச்சிக்கே வழங்குவர். கீழ்மக்களைப் புல்லர் என்பர். உழவனும் தன் வயலிற் புல்லைக் கண்டாற் களையென்று பறித்தெறிவான். அத்தகைய புல்லை விதைத்து, வேலியிட்டுக் காத்து, அறுத்து உலர்த்திப் படப்பாக அடுக்கிவைத்தல் வேண்டும் என்று யாம் கூறப் புகுந்தால் நகைப்பார் பலர் உளர். நகைப்பினும், விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துச் சிறு குடியானவனுக்கு இன்று இன்றியமையாதவற்றுள் இஃதும் ஒன்று என்பதே எம் துணிபு.

நம் மாவட்டம் வானம் பார்த்த பூமி. ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதிற் பாதியளவு வடகிழக்குப் பருவக்காற்றிலேயே பெய்துவிடும். முன்னோர் இம்மழையைக் கொண்டு சோளமும் கம்பும் விளைத்தனர். கதிர் மனிதனுக்கு, தட்டை மாட்டுக்கு என ஒரே விளைவு இருவர் பசியையும் ஆற்றியது. இந்நாளில் அப்புன்செய்களிற் பெரும்பகுதி மக்காச்சோளத்திற்கும் பருத்திக்கும் உரியதாயிற்று. பணம் வந்தது, படப்பு மறைந்தது. ஆற்றுப்பாசன ஊர்களினின்று வைக்கோலை விலைகொடுத்து வாங்குவோன், பங்குனி வெயில் தொடங்கியதும் வைக்கோலுக்குப் பணமின்றி மாட்டையே விற்கின்றான். கோடையில் விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். ஆதலின் விலையும் வீழ்கின்றது.

"மாடு போனால் என்? தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடுமே" என்பாரும் உளர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று, 1923-ஆம் ஆண்டில் மீண்டு தொடங்கிய தீப்பெட்டித் தொழில் இவ்வட்டாரத்தின் வறுமையைப் பெரிதும் துடைத்தது என்பதை யாம் மறுக்கின்றிலேம். ஆயினும், ஒற்றைத் தூணில் நிற்கும் வீடு உறுதியான வீடன்று. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்பைப் பட்டாசிற் கலத்தலாகாது என்று தீர்ப்பளித்த பின்னர், ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. ஆலை மூடிய நாளிலும் தொழுவத்தில் மாடு பால் கறக்கும். ஆடு குட்டி ஈனும். ஆனால் தீனி இருந்தாலன்றோ அவை நிற்கும்!

புல்லுக்கென நிலம் ஒதுக்குதல் நமக்குப் புதிதன்று. பழந்தமிழர் நிலத்தைப் பகுத்தபோதே ஆநிரைக்குரிய முல்லையைத் தனித்திணையாக வைத்தனர். கொங்குநாட்டில், காங்கேயம் தாராபுரம் பக்கங்களில், கொறங்காடு என்னும் மேய்ச்சற்காட்டை இன்றும் காணலாம். கிளுவை முள்வேலி சூழ, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்க, அங்குள்ள உழவர் தம் பட்டாநிலத்தையே புல்லுக்கு விட்டு மாடும் ஆடும் முறைவைத்து மேய்க்கின்றனர். புகழ்பெற்ற காங்கேயம் காளைகள் வளர்ந்தது அப்புல்லின்மேலேயாம். மழை குறைந்த கொங்குக்கு இயன்றது நமக்கு இயலாதோ?

செய்முறை அரிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் பக்கத்துச் செம்மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல் உகந்தது. புதிதாய் உதிர்ந்த விதை எளிதில் முளையாது. சில மாதம் இருப்பு வைத்ததே நன்று. ஏக்கருக்கு ஏறக்குறைய 3 கிலோ விதை போதும். அது பஞ்சுபோற் காற்றிற் பறக்குமாதலின், ஈரமணலிற் கலந்து, புரட்டாசி இறுதியில் மேலாகத் தூவி மெல்ல மூடல் வேண்டும். ஆழப் புதைப்பின் முளை மேலெழாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல் மசால் சேர்த்தால் மாட்டுக்குப் புரதமும் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிட்டும். முயல் மசால் விதையின் தோல் கடியது. 80 பாகை வெப்பமுள்ள நீரில் 4 நிமிடம் இட்டு, இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து விதைப்பர். சாத்தூர்ப் பக்கத்துக் கருங்கரிசலில் இப்புல் வேரூன்றுதல் கடினம்; அங்கே சோளத்தை நெருக்கி விதைத்துப் பூக்கும் பருவத்தில் நாத்தாக அறுப்பதே தக்கது. வாடிய இளஞ்சோளம் மாட்டுக்கு நஞ்சாதலை மறத்தலாகாது.

புல் வேர்பிடிக்கும்வரை ஆடு மாடு உட்புகலாகாது. விதைத்த 75 நாளுக்குமேல், பூ வெளிப்படத் தொடங்கும்போது அறுத்தல் வேண்டும். விதை முற்றியபின் தண்டு வலித்துச் சத்துக் குறையும். அப்பொழுது தை பிறந்திருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். பட்டாசையும் தீக்குச்சியையும் உலர்த்தி இத்தொழிலையே இங்கு நிலைபெறச் செய்தது இம்மண்ணின் வறண்ட வெயிலன்றோ? அவ்வெயிலே புல்லையும் இரண்டு மூன்று நாளில் உலர்த்தித் தரும். ஈரம் நீங்காமல் அடுக்கிய படப்பு உள்ளே வெந்து பூஞ்சணம் பிடிக்கும். சிலபோது தானே தீப்பற்றுதலும் உண்டு. மருந்தறைகளுக்கு அருகே புற்படப்பு ஆகாது என்பதை இவ்வூரார்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

உணவு விளையும் நிலத்தைப் புல்லுக்குக் கொடுத்தல் அறமா என்று வினவலாம். நல்ல பருத்தி நிலத்தை யாம் கேட்கின்றிலேம். சீமைக்கருவேல் அடர்ந்து வீணே கிடக்கும் தரிசைத் திருத்தி, முதலாண்டில் 25 சென்ட் மட்டும் விதைத்துப் பார்க்கட்டும். ஒருமுறை வேரூன்றிய புல் பல ஆண்டு நிற்கும். மழையில் மண் கரையாது காக்கும். ஓரேக்கர் மானாவாரிப் புல் ஒரு பெருமந்தையைக் காவாது. ஒன்றிரண்டு மாட்டைக் கோடையில் விற்கும் அவலத்தினின்று காக்க உதவும். அவ்வளவே எம் வேண்டுகோள்.

நிலமே இல்லாதவனுக்கு என்ன வழி? பட்டாசு ஆலைக்குச் செல்வோருட் பலர் அத்தகையோரே. ஊர்கள் பலவற்றில் மேய்ச்சற் புறம்போக்கு உண்டு. ஊராட்சிகள் அதன் கருவேலை அகற்றிப் புல் விதைத்து, அறுக்கும் உரிமையை நிலமற்றோர்க்கே முதலில் அளித்தல் வேண்டும். இன்றேல் புல்வயலும் உள்ளவனுக்கே ஊதியமாய் முடியும்.

கல்லூரியிற் பயிலும் நம்மில் உழவர் மக்கள் பலர். விடுமுறையில் ஊர் செல்லும்போது வேளாண்மை நிலையத்தில் ஒரு பிடி விதை கேட்டு வாங்கிச் செல்வது நமக்குப் பெருஞ்சுமையன்று. தந்தையார் முதலில் நகைக்கக்கூடும். பங்குனியில் மாடு தொழுவத்தில் நின்றால், அடுத்த ஆடியில் அவரே நிலத்தை உழுவார்.