பூமியைக் காக்கும் செலவு யாருடையது?

தென்துருவத்தின்மேல் ஓசோன் படலம் வசந்தகாலந்தோறும் மெலிந்து வருவதை 1985-இல் விஞ்ஞானிகள் கண்டு வெளியிட்டதும், உலக நாடுகள் இரண்டே ஆண்டுகளில் மான்ட்ரியல் நகரில் கூடி, ஓசோனை அழிப்பவையும் குளிர்பதனப் பெட்டிகளில் உபயோகிக்கப்பட்டவையுமான குளோரோபுளூரோகார்பன் வாயுக்களைக் குறைப்பதென உடன்படிக்கை செய்துகொண்டன. ஆயினும், அவ்வாயுக்களில் பெரும்பகுதியை உற்பத்தி செய்து உபயோகித்துச் சுகித்தவை செல்வ நாடுகளாயிருக்க, குளிர்பதனப் பெட்டி அப்போதுதான் வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்த தேசங்களும் மாற்றத்தின் செலவைத் தாமே சுமக்கவேண்டுமென்பது நியாயமாகாதென்று கருதி, இந்தியாவும் சீனாவும் அதில் சேராமல் நின்றன.

அந்த உறுதி வீண்போகவில்லை. 1990-இல் லண்டனில் கூடிய மாநாடு பலதரப்பு நிதியம் ஒன்றை ஸ்தாபிக்க இசைந்தது. மறு ஆண்டு சீனாவும், 1992-இல் இந்தியாவும் உடன்படிக்கையில் சேர்ந்தன. பழைய வாயுவைக் கைவிட்டுப் புதியதற்கு மாறுவதால் தொழிற்சாலைகளுக்கு நேரும் கூடுதல் செலவை, பெரும்பாலும் திருப்பித் தரவேண்டாத மானியமாகவே அந்நிதியம் அளித்தது. அதன் நிர்வாகக் குழுவின் 14 இடங்களில் 7 செல்வ நாடுகளுக்கு, 7 வளரும் நாடுகளுக்கு. இரு தரப்பிலும் பெரும்பான்மை கிட்டாமல் அங்கே எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. 2010-க்குள் வளரும் நாடுகளில் அவ்வாயுக்களின் உபயோகம் அநேகமாக ஒழிந்தது. ஓசோன் படலமும் மெல்ல மீண்டு வருகிறது.

பருவநிலைக்கென அளிக்கப்படும் நிதியின் சரித்திரம் வேறு. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் செல்வ நாடுகள் அளித்த வாக்குறுதி 2022-இல்தான் நிறைவேறியது. அதிலும் அரசுகள் வழி வந்த பணத்தில் பெரும்பகுதி கடன்; அதைப் பங்கிடும் அதிகாரமும் பெரும்பாலும் கொடுக்கும் நாடுகளிடத்தும், அவற்றின் வாக்குப்பலம் மிகுந்த வங்கிகளிடத்துமே இருக்கிறது. காற்றைக் கெடுத்தவன் கடன் கொடுப்பவனாகவும், கெடுக்காதவன் வட்டி கட்டுபவனாகவும் ஆவது எந்தத் தர்மம்?

பெறும் நாடுகளில் பணம் விரயமாகிவிடுமென்ற அச்சத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. அதற்கும் ஓசோன் நிதியமே வழிகாட்டியிருக்கிறது: பெரிய திட்டங்களுக்குத் தவணை தவணையாகவே பணம் விடுவித்து, வாயு உபயோகம் ஒப்புக்கொண்ட அளவுக்குக் குறைந்ததைச் சுயேச்சையாகச் சரிபார்த்த பின்னரே அடுத்த தவணையை அது அளித்தது.

2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என 2024-இல் பாகு பருவநிலை மாநாடு வகுத்த இலக்கு போதாதென்று இந்தியா அங்கேயே ஆட்சேபித்தது மிகவும் சரி. ஆனால் தொகை பெருகுவதால் மட்டும் அநீதி தீராது. நிதியின் பெரும்பகுதி மானியமாக வரவேண்டும், அதைப் பங்கிடும் சபைகளில் பெறுவோருக்குச் சரிபாதி இடம் வேண்டும் என்னும் இரண்டையும் நம் அரசு நிபந்தனையாகவே வைத்து, வளரும் நாடுகள் அனைத்தையும் உடன்சேர்த்துக்கொண்டு, லண்டனில் காட்டிய அதே உறுதியோடு வற்புறுத்த வேண்டும்.